ஊசியும் விடுப்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, ஒரு இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உன் இஷ்டம்" என்றார். என்னோடு படித்தவர்கள் மென்பொருள், மின்சாரக் கார், செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெரிய விஷயங்களில் இருக்கிறார்கள். நான் சிவில் படித்துவிட்டு உள்ளாட்சியில் குடிநீர், வடிகால் வேலை பார்க்கிறவன். காலை ஐந்தரை மணிக்கு 'சார், எங்க தெருவுக்குத் தண்ணி வரல' என்று போன் வருமே, அந்த உத்தியோகம். தெரிந்ததைத்தானே பேச முடியும்? அதனால் நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரு பெருந்தொற்று வரும்போது, ஊருக்குத் தண்ணீர் விடுகிற, குப்பை அள்ளுகிற உள்ளாட்சி ஊழியருக்குத் தடுப்பூசி பற்றி என்ன விதி இருக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் விடுப்பு பற்றி என்ன விதி இருக்க வேண்டும்?

'கொரோனா போய் எத்தனை வருஷம் ஆச்சு, இப்போ எதுக்கு இந்தப் பேச்சு' என்று சிலர் நினைக்கலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதே இதற்குத்தான். வெள்ளம் வந்த பிறகு அணைக்கு எஸ்டிமேட் போடுகிறவன் நல்ல பொறியாளன் இல்லை. விதிகளை உட்கார்ந்து நிதானமாக எழுதக்கூடிய காலம், நோய் இல்லாத இந்தக் காலம்தான்.

முதலில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அலுவலகத்துக்காரர்கள் வீட்டிலிருந்தே கணினி வழியாக வேலை பார்த்தார்கள். நல்லதுதான். ஆனால் பம்ப் ஹவுஸை வீட்டிலிருந்து ஓட்ட முடியுமா? வால்வைத் திறந்துவிடுகிறவர் அந்தக் குழிக்குள் இறங்கித்தான் திருக வேண்டும். தூய்மைப் பணியாளர் தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். சுடுகாட்டில் வேலை பார்க்கிறவர் அங்கேதான் நிற்க வேண்டும். டாக்டர், நர்ஸ் ஆகியோரை நாம் கைதட்டிப் பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். அவர்களுக்குப் பக்கத்திலேயே, கையுறைகூடச் சரியாகக் கிடைக்காமல் இவர்களும் நின்றார்கள்.

நாம் ஒரு பம்ப் ஹவுஸை வடிவமைக்கும்போது என்ன செய்கிறோம்? ஓடுகிற பம்போடு ஒரு ஸ்டாண்ட்-பை பம்ப் வைக்கிறோம். ஓடுகிற பம்ப் சூடாகிவிட்டால் நிறுத்தி ஆற விடுகிறோம். நிறுத்தாமல் ஓட்டினால் காயில் புகைந்து மொத்தமும் போய்விடும் என்று முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பம்பை ஓட்டுகிற மனிதருக்கு உடம்பு சூடானால், அவரை நிறுத்தி ஆற விட நம் விதிகளில் இடம் இருக்கிறதா? இருந்தால், அந்த நாளுக்குக் கூலி யார் தருவது? பேச்சு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

இதற்கு ஒரு பெரிய நகரத்தின் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். நியூயார்க். ஏன் அந்த ஊர் என்றால், அந்த நகர நிர்வாகத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். ஆசிரியர், போலீஸ், தீயணைப்பு, குப்பை, குடிநீர் எல்லாம் மேயரின் கீழே வருகிறது. அங்கே ஒரு விதி போட்டால் அதன் விளைவு எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். 2020 ஏப்ரலில் அந்த நகரத்துப் போலீஸ் சீருடைப் பிரிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உடல்நலமின்றி விடுப்பில் இருந்தார். ஒரே நேரத்தில் ஐந்து பம்பில் ஒன்று நின்றுபோன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி வந்த பிறகு நகராட்சி படிப்படியாகத்தான் போனது. 2021 ஜூலையில் அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ, ஊழியர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். செப்டம்பர் 13 முதல் அது நடைமுறை. பிறகு பள்ளி ஊழியர்களுக்குப் பரிசோதனை என்ற மாற்று வழியும் நீக்கப்பட்டது. அக்டோபர் 20 அன்று மற்ற ஊழியர்களுக்கும் அதே கட்டாயம் வந்தது. அக்டோபர் 29 மாலை 5 மணிக்குள் முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நவம்பர் 1 முதல் சம்பளமில்லா விடுப்பு. அந்தக் கெடுவுக்குள் நகராட்சி முகாமில் வந்து போட்டுக்கொண்டால் 500 டாலர் ஊக்கத்தொகை. ஒரு கையில் கரும்பு, மறு கையில் பிரம்பு.

பலன் இருந்ததா? இருந்தது. குப்பை அள்ளும் துறையில் சுமார் 60 சதவீதம் பேர்தான் அறிவிப்பு வந்தபோது ஊசி போட்டிருந்தார்கள். நவம்பர் முதல் வாரத்துக்குள் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. நவம்பர் 1 அன்று சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டவர்கள் சுமார் 9,000 பேர். மத, மருத்துவக் காரணம் காட்டி விலக்குக் கேட்டு விண்ணப்பித்தவர்கள் சுமார் 12,000 பேர். முடிவு தெரியும்வரை அவர்கள் வாரப் பரிசோதனையோடு வேலை செய்தார்கள். 2022 பிப்ரவரியில் 1,430 பேர் வேலையை இழந்தார்கள். மொத்த ஊழியரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கணக்குப் பார்க்கிறவனுக்கு அது சின்னப் பின்னம். வேலை போன வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அந்த வீட்டுக்காரருக்கு அது பின்னமே இல்லை, முழு எண்.

விலையும் கொடுத்தார்கள். அக்டோபர் கடைசியில் ஸ்டேட்டன் ஐலண்ட் பகுதியில் குப்பை அள்ளப்படாமல் தேங்கியதாகப் புகார்கள் வந்தன. நவம்பர் முதல் தேதி தீயணைப்புத் துறையில் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தவர் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியது. வழக்கமாக அது ஆயிரத்துக்குள் இருக்கும். தீயணைப்புத் துறைத் தலைவரே இது பொய் விடுப்பு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். கவனியுங்கள். தடுப்பூசி விதி மீதான கோபம், விடுப்பு விதியின் வழியாக வெளியே வந்தது. ஒரே குழாயில் இரண்டு வால்வு இருந்தால் ஒன்றை இறுக்கும்போது இன்னொன்றில் அழுத்தம் ஏறும். நமக்குத் தெரிந்த பாடம்தானே!

அதோடு முடியவில்லை. 2022 மார்ச்சில், அடுத்து வந்த மேயர் எரிக் ஆடம்ஸ், விளையாட்டு வீரர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் தனியார் துறைக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்தார். 'பந்து விளையாடுகிறவருக்கு வேண்டாம், குப்பை அள்ளுகிறவருக்கு மட்டும் வேணுமா' என்று ஊரே கேட்டது. அந்த அக்டோபரில், வேலை நீக்கப்பட்ட 16 தூய்மைப் பணியாளர்கள் தொடுத்த வழக்கில் ஒரு மாநில நீதிபதி அந்த உத்தரவு தன்னிச்சையானது என்று தீர்ப்பளித்தார். நகராட்சி மேல்முறையீட்டுக்குப் போனது. கடைசியில் 2023 பிப்ரவரி 10 அன்று நகராட்சியே அந்தக் கட்டாயத்தை முடித்துக்கொண்டது. அதற்குள் சுமார் 1,780 பேர் பணி நீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவர்கள் பழைய வேலைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம், தானாகத் திரும்பி வர முடியாது என்றார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். கட்டாயம் சரியா, தப்பா என்று பட்டிமன்றம் போட்டால் இரண்டு பக்கமும் கைதட்டு வாங்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கட்டாயம் வருவதற்கு முன்னால் அங்கே போடப்பட்ட விடுப்பு விதிகள். அவற்றை யாரும் அதிகம் பேசுவதில்லை.

2020 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் இரண்டு சட்டங்கள் கையெழுத்தாயின. ஒன்று நியூயார்க் மாநிலத்தினுடையது. அரசுத் தரப்பு முதலாளி, அதாவது உள்ளாட்சியும் சேர்த்து, தனிமைப்படுத்தல் உத்தரவு பெற்ற ஊழியருக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும். மற்றொன்று மத்திய அரசினுடையது. கொரோனா காரணமாக இரண்டு வாரம், அதாவது 80 மணி நேரம், சம்பளத்தோடு விடுப்பு. அது 2020 ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 31 வரை நடப்பில் இருந்தது. பிறகு 2021 மார்ச்சில் நியூயார்க் மாநிலம் இன்னொரு சட்டம் போட்டது: தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போகிற ஊழியருக்கு ஒவ்வொரு ஊசிக்கும் நான்கு மணி நேரம் வரை சம்பளத்தோடு விடுப்பு, அவருடைய மற்ற விடுப்புக் கணக்கில் கை வைக்காமல். இது 2023 கடைசி வரை நீடித்தது.

ஆனால் அந்த மத்தியச் சட்டத்தில் ஒரு ஓட்டை. 'அவசரப் பணியாளர்' என்று வகைப்படுத்தப்பட்டவர்களை, முதலாளி விரும்பினால், இந்த விடுப்பிலிருந்து விலக்கி வைக்கலாம். யார் யார் அவசரப் பணியாளர் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு பட்டியல் கொடுத்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தது. கூடவே 'பொதுப்பணிப் பணியாளர்' என்ற வார்த்தையும் இருந்தது. அதாவது நம்ம ஆட்கள். இன்னொரு சங்கடம்: தனியார் நிறுவனம் இந்த விடுப்புக்குக் கொடுத்த சம்பளத்தை வரியில் கழித்துக்கொள்ளலாம், உள்ளாட்சிகளுக்கு 2020இல் அந்தச் சலுகை கிடையாது. வேலையை நிறுத்த முடியாதவருக்கு விடுப்பை மறுக்கலாம், தருகிற உள்ளாட்சி தன் கையிலிருந்து போட வேண்டும் என்றால் என்ன நடக்கும்? நோய் அதிகம் படக்கூடிய ஆளுக்கே குடை இல்லாமல் போகும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அங்கே சொன்ன இரண்டு விதிகளையும் இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும் அல்லவா?

தடுப்பூசியில் நம் நாடு வரிசையைச் சரியாகவே வைத்தது என்பேன். 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டவர் அங்கே வேலை பார்த்த ஒரு தூய்மைப் பணியாளர். பிப்ரவரி 2 முதல் முன்களப் பணியாளர்கள், அதாவது போலீஸ், வருவாய்த் துறை, நகராட்சி ஊழியர்கள். வயதான பொதுமக்களுக்கு மார்ச் 1 அன்றுதான் ஆரம்பித்தது. ஆகவே குப்பை அள்ளுகிறவருக்கு ஊசி முன்கூட்டியே வந்துவிட்டது. வராமல் இருந்தது, ஊசி போட்ட மறுநாளுக்கான கூலி.

ஊசி போட்டால் சிலருக்கு ஓரிரு நாள் காய்ச்சல், குளிர், உடம்புவலி வரும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இங்கே பலருக்கும் அது நினைவிருக்கும். நிரந்தர ஊழியருக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. தற்செயல் விடுப்பு இருக்கிறது, மெடிக்கல் லீவ் இருக்கிறது. 2021 ஜூனில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு இன்னும் தெளிவாகவே எழுதிக் கொடுத்தது: தொற்று உறுதியானால் 20 நாள் வரை விடுப்பு, பெற்றோருக்கோ தன்னைச் சார்ந்த குடும்பத்தாருக்கோ தொற்று வந்தால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. நல்ல உத்தரவு, குறையே சொல்ல மாட்டேன்.

ஆனால் உள்ளாட்சியில் தெருவில் இறங்கி வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் நிரந்தர ஊழியர்? அவுட்சோர்சிங் என்ற சொல்லைத் தெரியாதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். ஒரே தெருவில் ஒரே துடைப்பத்தைப் பிடிக்கிற இருவரில் ஒருவருக்கு விடுப்பு விதிப் புத்தகம் இருக்கிறது. மற்றவருக்கு மேஸ்திரியின் நோட்டு மட்டும் இருக்கிறது. வந்தால் டிக், வராவிட்டால் பெருக்கல் குறி.

'அவங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கே' என்பீர்கள். பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த ஆண்டுகளில் இருந்த விதிப்படி நோய்க்கால உதவியாக வருடத்தில் 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம். நல்ல திட்டம்தான். ஆனால் அதில் ஒரு சிறு எழுத்து: நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. காத்திருப்பு நாட்கள் என்று அதற்குப் பெயர். ஊசிக் காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும் என்று இப்போதுதான் சொன்னேன். ஓரிரு நாள். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! காய்ச்சல் முடிகிற இடத்தில்தான் உதவி தொடங்குகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அந்த விதியை எழுதியவர்களின் மனதில் பல வாரம் படுக்க வைக்கிற நோய்தான் இருந்தது. மருந்தே தருகிற இரண்டு நாள் காய்ச்சல் அவர்கள் கணக்கில் இல்லை.

இதன் விளைவை நான் நேரில் பார்த்தேன். 2021 கோடையில் ஒரு நாள், வால்வு குழி சுத்தம் பண்ணுகிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், கண்ணெல்லாம் சிவந்து வேலைக்கு வந்து நின்றார். தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. "ஏண்ணே, நேத்துதானே ஊசி போட்டீங்க? வீட்ல படுத்திருக்கலாமே" என்றேன். "படுத்தா ஆப்சென்ட் போடுவாங்க சார். ஒரு நாள்னா பரவால்ல, ரெண்டு நாள்னா வாடகை இடிக்கும்" என்றார். அவர் நிலையைப் பார்த்துவிட்டு, அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்தவர்களில் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். மேலே போன அறிக்கையில் 'தொழிலாளர்களிடையே தடுப்பூசித் தயக்கம்' என்று எழுதப்பட்டது. பாமரர்கள், வதந்தியை நம்புகிறார்கள் என்றுகூடப் பேசினார்கள். வதந்தி கொஞ்சம் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பாதிப் பேர் போட்டது வதந்தியல்ல, கூட்டல் கழித்தல் கணக்கு.

பிறகு பேசிப் பேசி, ஊசி போட்ட மறுநாள் ஓய்வு, கூலி உண்டு என்று ஒப்பந்ததாரர் ஒப்புக்கொண்டார். எழுத்தில் இல்லை, வாய் வார்த்தைதான். அடுத்த முகாமில் அந்தக் குழுவில் ஏறத்தாழ எல்லாருமே வந்து கையை நீட்டினார்கள். பிரச்சாரம் கிடையாது, மிரட்டல் கிடையாது. ஒரு நாள் கூலி, அவ்வளவுதான். ஆனால் வாய் வார்த்தையின் ஆயுள் குறைவு. அதே குழுவில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி வீட்டில் தனித்திருக்க வேண்டி வந்தபோது, 'அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லை' என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தோம். எத்தனை லோடு குப்பை, எத்தனை மீட்டர் வடிகால் என்று எல்லாம் இருந்தது. காய்ச்சல் என்ற சொல்லே இல்லை.

கட்டாயம் பற்றி நம் நீதிமன்றம் சொன்னதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு தடுப்பூசி விருப்பத்தின் பேரில்தான் என்றே சொல்லி வந்தது. ஆனால் மாநிலங்களில் பல உத்தரவுகள் வந்தன. தமிழ்நாட்டிலும் 2021 நவம்பரில், 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இவையெல்லாம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2022 மே 2 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு தீர்ப்பளித்தது. உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும், யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது என்றது. அதே சமயம், பொதுநலனுக்காக அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை அளவோடு இருக்க வேண்டும் என்றது. தொற்று குறைவாக இருந்த அன்றைய நிலையில், போடாதவர்கள் மீதான தடைகள் அளவுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அவற்றை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. பக்கவிளைவுகள் பற்றிய தகவலை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்றும் சொன்னது.

அளவு என்ற அந்தச் சொல் பொறியாளருக்கு நெருக்கமான சொல். பெரியம்மை காலத்தில் அம்மை குத்துவது கட்டாயமாக இருந்தது. முன்வரிசை அண்ணன்மார் சட்டைக் கையை மடித்தால் தழும்பு இன்னும் தெரியும். வேண்டுமானால் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த ஊசி பரவலையே நிறுத்தியது. 1980இல் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கொரோனா ஊசி, கடும் நோயையும் மரணத்தையும் வெகுவாகக் குறைத்தது. ஆனால் ஒமிக்ரான் வந்த பிறகு தொற்றையும் பரவலையும் தடுப்பதில் அதன் பலம் குறைந்துபோனது. கருவியின் குணம் மாறினால் விதியும் மாற வேண்டும். வாட்டர் மீட்டருக்குச் சரிபார்ப்புத் தேதி வைக்கிறோம். விதிக்கும் ஒரு தேதி வேண்டாமா? நியூயார்க்கில் 2021 அக்டோபரில் நியாயமாகப் பட்ட ஒன்று, 2022 கடைசியில் நியாயமாகப் படவில்லை. இடையில் யாரும் மீட்டரைக் கழற்றிப் பார்க்கவில்லை.

சரி, குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது நான்கு.

முதலாவது, ஒரே தெருவுக்கு ஒரே விதி. நிரந்தரம், ஒப்பந்தம், நாள்கூலி என்று கிருமி ஆள் பார்த்து வருவதில்லை. ஊசிக்கு முன்னுரிமை தரும்போது ஒப்பந்தத் தொழிலாளியையும் முன்களப் பணியாளர் என்று சேர்த்துக்கொண்டோம். விடுப்புக்கும் அதே பட்டியலை வைத்துக்கொண்டால் போதும், புதுப் பட்டியல் வேண்டாம்.

இரண்டாவது, ஊசி நாளும் மறுநாளும் கூலியோடு ஓய்வு. காய்ச்சல் வந்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கக் கூடாது. சான்றிதழ் வாங்கக் காய்ச்சலோடு பஸ் ஏறி, கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வைப்பது நோயைப் பரப்புகிற வேலை. செலவு எவ்வளவு ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு உத்தேசக் கணக்கு. ஒரு ஊரில் 500 தொழிலாளிகள், நாள்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளுக்கு 5 லட்சம் ரூபாய். ஒரு ஊரின் மொத்தத் தூய்மைப் படைக்கும் பாதுகாப்புத் தேட இது பெரிய தொகையா?

மூன்றாவது, மனிதருக்கும் ஸ்டாண்ட்-பை. பம்ப் ஆபரேட்டர் இல்லாவிட்டால் யார் ஓட்டுவது, வால்வு எங்கே எத்தனை சுற்று என்று வேறு யாருக்குத் தெரியும், இந்தப் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். பல ஊர்களில் அந்த விவரம் ஒரே ஒரு மனிதரின் மண்டைக்குள்தான் இருக்கிறது. அவர் படுத்தால் ஊருக்கே தாகம். அதனால்தான் அவரைப் படுக்க விடாமல் வேலை வாங்குகிறோம். மாற்று ஆளைத் தயார் செய்யாமல் விடுப்பு உரிமை பற்றி மட்டும் பேசினால் அது காகிதத்தில்தான் இருக்கும்.

நான்காவது, கட்டாயம் என்று ஒன்று தேவைப்பட்டால் அது கடைசிப் படி. முதல் படியாக வைக்கக் கூடாது. கூலியோடு ஓய்வு, வேலை நடக்கிற இடத்திலேயே முகாம், சந்தேகத்துக்கு மரியாதையான பதில், மருத்துவக் காரணத்துக்கு விலக்கு, போடாதவருக்குப் பரிசோதனை அல்லது வேறு இடத்தில் வேலை, இத்தனையும் செய்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் எந்தத் தேதியில் மறுபடி பரிசீலிப்போம் என்று உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும். யார் போட்டார், யார் போடவில்லை என்ற பட்டியலை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கூடாது. அது அவரவர் உடல் பற்றிய தகவல்.

'இப்படியெல்லாம் லீவ் கொடுத்தா ஏமாத்துவாங்கப்பா' என்று ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னார். நியாயமான கவலை. நியூயார்க் தீயணைப்பு வீரர்களின் கதையை நானே சொன்னேன், மறைக்கவில்லை. ஆனால் அங்கே நடந்ததைப் பாருங்கள். பொய் விடுப்பு மறுநாளே பதிவேட்டில் தெரிந்துவிட்டது. எத்தனை பேர், எந்த நிலையம் என்று எண்ணிக் கேள்வி கேட்க முடிந்தது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவரை எந்தப் பதிவேட்டில் பிடிப்பீர்கள்? அவர் பெயருக்கு நேரே 'வருகை' என்று டிக் இருக்கும். அவரோடு ஒரே லாரியில் போன ஆறு பேர் அடுத்த வாரம் படுக்கும்போதுதான் தெரியும். அளவீட்டில் தெரிகிற கசிவை அடைக்கலாம். தெரியாத கசிவுதான் அஸ்திவாரத்தை அரிக்கும்.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இது டாக்டர் வேலை, சட்டம் படித்தவர் வேலை, நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். உங்களில் பலர் நாளைக்கு உள்ளாட்சியிலோ, குடிநீர் வாரியத்திலோ, அல்லது அவர்களிடம் வேலை எடுக்கிற நிறுவனத்திலோ உட்காருவீர்கள். டெண்டர் ஆவணத்தை எழுதுகிற கை உங்கள் கையாக இருக்கும். கான்கிரீட் கலவை என்ன விகிதம், கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். அந்த ஆவணத்தில் தொழிலாளர் நிபந்தனை என்று ஒரு பகுதி வரும். பழைய கோப்பிலிருந்து அப்படியே நகல் எடுத்து ஒட்டுகிற பகுதி அது. அங்கே இரண்டு வரி சேருங்கள். 'தடுப்பூசி நாளுக்கும் மறுநாளுக்கும், தொற்றுநோய்த் தனிமை நாட்களுக்கும் ஒப்பந்ததாரர் முழுக் கூலி வழங்க வேண்டும். அந்தத் தொகை மதிப்பீட்டில் தனி இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.' இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். மதிப்பீட்டில் பணம் வைக்காத நிபந்தனையை எந்த ஒப்பந்ததாரரும் நிறைவேற்றியதாக நான் கண்டதில்லை.

மேலதிகாரி ஏற்காமல் சிவப்பு மையால் அடிக்கலாம். அடுத்த டெண்டரில் மறுபடி எழுதுங்கள். அடுத்த பெருந்தொற்று எந்த வருஷம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது வருகிற அன்று காலை ஐந்தரை மணிக்கும் யாரோ ஒருவர் வால்வு குழிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்றால் தைரியமாகப் படுத்துக்கொள்ள முடிய வேண்டும். தெருவுக்குத் தண்ணீரும் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வைப்பதுதான் நம் படிப்பு.

 சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார்.